உங்கள் ஏரியில் இன்று எத்தனை அடி? மன அழுத்தத்தைப் படமாக வரைந்து பார்க்க ஒரு வழிகாட்டி

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் சென்னை வீடுகளில் ஏரிக்கணக்கு பேச்சோடு பேச்சாக வந்துவிடும். செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி. முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. இன்றைக்கு நீர்மட்டம் எத்தனை, இருப்பு எத்தனை, வினாடிக்கு வரத்து எத்தனை கன அடி, வெளியேற்றம் எத்தனை என்று நாளிதழ்கள் தினமும் போடுகின்றன. அதன் உபரிநீர் போகும் அடையாற்றங்கரையில் வீடு இல்லாதவர்கள்கூட 22 அடி என்ற எண்ணைக் கேட்டதும் காதைத் தீட்டிக்கொள்கிறார்கள்.

அந்த ஏரிக்குப் பார்க்கிற கணக்கை நமக்கும் பார்க்கலாம். மன அழுத்தம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் உருவமில்லாத ஒரு கனம். "எப்படி இருக்கிறாய்?" என்று யாராவது அக்கறையோடு கேட்டால் "ஏதோ ஓடுகிறது" என்பதற்கு மேல் வாய் வருவதில்லை. அதே கனத்தை ஒரு படமாக வரைந்துவிட்டால் அதைப் பற்றிக் கேள்வி கேட்க முடிகிறது: எங்கிருந்து வருகிறது, எவ்வளவு நிற்கிறது, எந்த வழியாக வெளியே போகிறது?

மனநலத் துறையில் இதற்கு ஒரு வேர் உண்டு. 1977-ல் ஜோசப் ஸூபின், போனி ஸ்பிரிங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மனச்சிதைவு நோயைப் பற்றி எழுதும்போது, ஒவ்வொருவருக்கும் தாங்கும் வரம்பு வேறு, வாழ்க்கை நெருக்கடிகள் அந்த வரம்பைத் தாண்டும்போது நோய் தலைகாட்டுகிறது என்றார்கள். 2002-ல் அலிசன் பிராபன், டக்ளஸ் டர்க்கிங்டன் ஆகியோர் இந்தக் கருத்தை ஒரு வாளியாகக் காட்டினார்கள். வாளிக்குள் விழும் தண்ணீர் நெருக்கடிகள். வாளியின் அளவு நம் தாங்குதிறன். இன்று பல நாடுகளில் ஆலோசகர்கள் அடியில் ஒரு குழாயும் சேர்த்து இந்த வாளியை வரைந்து காட்டுகிறார்கள்.

நான் வாளியை விட்டு ஏரிக்கு வந்ததற்குக் காரணம் இருக்கிறது. வாளிக்கு மேலேயும் கீழேயும் யாரும் இல்லை. ஏரிக்கு மேலே வேறு ஏரிகள் இருக்கின்றன, கீழே ஊர்கள் இருக்கின்றன, அடியில் வண்டல் இருக்கிறது. குடும்பத்தோடும் அலுவலகத்தோடும் பின்னிக்கிடக்கிற நம் வாழ்க்கைக்கு இதுவே பொருந்துகிறது.

ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசி வேண்டாம், வரையும்போது கை மெதுவாகப் போவதே பாதி வேலையைச் செய்துவிடும். முதல் முறைக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். படம் அழகாக வர வேண்டும் என்ற அவசியம் எதுவும் இல்லை.

முதல் படி: கரையும் அளவுகோலும்

பக்கத்தின் நடுவில் ஏரியை வரையுங்கள். கரையோரம் ஓர் அளவுகோல். அதில் 0 முதல் 24 வரை அடிக்குறிகள். இப்போது உங்கள் நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்று ஒரு கோடு போடுங்கள்.

இங்கேதான் புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவார்கள். "18-ஆ 20-ஆ, எனக்கு எப்படித் தெரியும்?" உடம்பைக் கேளுங்கள், அது சரியாகச் சொல்லும். மனம் "எல்லாம் சமாளித்துவிடலாம்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே கழுத்தும் தாடையும் வயிறும் வேறு பதில் சொல்லிக்கொண்டிருக்கும். துரைப்பாக்கத்தில் வேலை பார்க்கும் என் தோழி பல்லாவரத்தில் குடியிருக்கிறாள். தினமும் ரேடியல் சாலைப் பயணம். அவள் தன் அளவுகோலின் பக்கத்தில் எழுதி வைத்திருப்பது இது:

15 அடி: படுத்ததும் தூக்கம் வருகிறது. காலையில் பாட்டு முணுமுணுக்கிறேன்.
18 அடி: சாப்பிடும்போது என்ன சாப்பிடுகிறேன் என்று தெரியவில்லை.
20 அடி: காலையில் எழும்போது தாடை வலிக்கிறது. இரவெல்லாம் பல்லைக் கடித்திருக்கிறேன்.
22 அடி: மகன் "அம்மா, சாக்ஸ் எங்கே?" என்று கேட்டதற்குக் கத்திவிட்டேன்.
23 அடி: பஸ்ஸில் யாரோ பை இடித்ததற்கு அழுகை வந்தது.

இந்த ஐந்து வரிகளை அவள் ஒரே நாளில் எழுதவில்லை. ஒவ்வொன்றும் நடந்த பிறகு, அன்றிரவே, அதற்குரிய குறிக்குப் பக்கத்தில் எழுதிச் சேர்த்தாள். உங்கள் அளவுகோலும் அப்படித்தான் நிரம்ப வேண்டும். அடுத்தவருடைய குறிகளைப் பார்த்து எழுதாதீர்கள். சிலருக்கு 22 அடியில் கோபம் வரும். சிலருக்குப் பேச்சே நின்றுவிடும். சிலர் ராத்திரி பதினொரு மணிக்கு அலமாரியை ஒழுங்கு செய்யத் தொடங்குவார்கள். உங்கள் அடையாளம் எதுவென்று வீட்டில் இருப்பவர்களைக் கேட்டாலும் சொல்வார்கள். பல சமயம் நமக்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இரண்டாம் படி: வரத்துக் கால்வாய்கள்

ஏரிக்குள் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய்களை வரைந்து ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதுங்கள். தண்ணீர் அதிகம் வரும் கால்வாயைத் தடித்த கோடாக வரையுங்கள். வேலை, கடன், பிள்ளையின் பொதுத்தேர்வு, வீட்டு உரிமையாளர், முழங்கால் வலி, யாரிடமும் சொல்லாத ஒரு பயம். சின்னதென்று எதையும் விட்டுவிட வேண்டாம். தண்ணீர் லாரி வருமா வராதா என்று தினமும் காலையில் காத்திருப்பதும் ஒரு கால்வாய்தான்.

எழுதி முடித்ததும் ஒரு வேலை பாக்கி. செம்பரம்பாக்கத்துக்கு அதன் நீர்ப்பிடிப்பில் பெய்யும் மழை மட்டும் வருவதில்லை. நேமம், பிள்ளைப்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர் போன்ற ஏரிகள் நிரம்பினால் அவற்றின் உபரிநீரும் வந்து சேர்கிறது. தொண்டை மண்டலத்து ஏரிகள் பலவும் இப்படிச் சங்கிலியாகக் கட்டப்பட்டவை: மேல் ஏரி நிரம்பி அதன் கலங்கல் என்ற உபரிநீர் வாய் வழிந்தால் கீழ் ஏரிக்கு வரத்து. ஆகவே உங்கள் கால்வாய்களில் எது சொந்த மழை, எது மேல் ஏரியின் உபரி என்று பிரித்துக் குறியுங்கள். மேலாளர் தன் மேலாளரிடம் வாங்கிய திட்டு உங்கள் மேசைக்கு வந்தால், அது மேல் ஏரித் தண்ணீர். அக்காவின் குடும்பச் சண்டை தொலைபேசி வழியாக உங்கள் தூக்கத்துக்குள் வந்தால், அதுவும் அப்படியே.

பிரித்துப் பார்ப்பதால் என்ன பயன் என்று கேட்கலாம். சொந்த மழையை நிறுத்த முடியாது. அதற்கு இடம் வைக்க வேண்டும். மேல் ஏரித் தண்ணீருக்கு ஒரு நேரத்தையும் ஓர் அளவையும் வைக்கப் பல சமயம் முடியும். என் தோழி வேலைதான் தன் பெரிய கால்வாய் என்று உறுதியாக நம்பிக்கொண்டிருந்தாள். வரைந்தபோது எல்லாவற்றையும்விடத் தடிமனாக வந்த கோடு, பாகப்பிரிவினை பற்றி அண்ணன் தினமும் இரவு பத்து மணிக்குச் செய்யும் தொலைபேசி அழைப்பு. வேலை விட்டு வந்து, சமைத்து, பாத்திரம் கழுவி, படுக்கப்போகும் நேரத்துக்கு அந்த அழைப்பு வரும். பிறகு ஒரு மணி வரை தூக்கம் வராது. மறுநாள் அலுவலகத்தில் எல்லாமே சுமையாகத் தெரியும். "அண்ணா, இதை ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் பேசுவோம். அப்போது காகிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு ஒழுங்காகப் பேசலாம்" என்று சொன்னாள். அண்ணனுக்கு முதலில் வருத்தம்தான். ஆனால் ஒத்துக்கொண்டார். வழக்கு இன்னும் முடியவில்லை, அவள் தூங்குகிறாள்.

மூன்றாம் படி: மதகுகள்

இப்போது தண்ணீர் வெளியேறும் வழிகளை வரையுங்கள். செம்பரம்பாக்கத்தில் 5 கண் மதகு, 19 கண் மதகு என்று இரண்டு உண்டு. உங்களுக்கும் சிறியது ஒன்று, பெரியது ஒன்று வேண்டும்.

சிறிய மதகு தினசரிக்கு. இருட்டும் நேரத்தில் தெருவைச் சுற்றி ஒரு நடை, மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக வைத்து ஐந்து நிமிடம் உட்கார்ந்திருப்பது, நம்பிக்கையான ஒருவரிடம் பேசுவது, கோயில் பிரகாரம், மாலையில் பிள்ளைகளோடு பந்து, பெசன்ட் நகர் கடற்கரையில் வெறுங்காலோடு மணலில் நிற்பது. எழுதுவதும் அழுவதும்கூட மதகுகள்தான்.

பெரிய மதகு எப்போதாவது திறப்பது: விடுப்பு எடுப்பது, ஏற்றுக்கொண்ட ஒரு பொறுப்பைத் திருப்பிக் கொடுப்பது, வீடு மாறுவது, தள்ளிப்போட்ட ஒரு பேச்சை நேருக்கு நேர் பேசி முடிப்பது. இதற்குத் துணிவும் ஏற்பாடும் வேண்டும். அவசரத்தில் திறக்கக் கூடாது.

எது உண்மையான மதகு, எது மதகு மாதிரி வரைந்த கோடு என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. அதைச் செய்து முடித்து ஒரு மணி நேரம் கழித்து அளவுகோலைப் பாருங்கள். அரை அடியாவது இறங்கியிருந்தால் மதகு. கைப்பேசியில் ஒன்றன்பின் ஒன்றாகக் காணொளி பார்ப்பது, குடிப்பது, தவணையில் பொருள் வாங்குவது ஆகியவை அந்த நேரத்துக்கு ஏரியை மறக்கவைக்கும். மட்டம் அப்படியே இருக்கும், சில சமயம் ஏறியும் இருக்கும். யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நானும் பொழுதுபோக்கை விரும்புகிறவன். ஆனால் மதகு என்று நம்பிக்கொண்டு வேறொன்றைத் திருகிக்கொண்டிருப்பது ஆபத்தானது.

தினசரி அறிக்கை

படம் தயார். இனி நாளிதழ் போடுவது போல நான்கு வரி, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு: நீர்மட்டம், இருக்கும் பெரிய கவலை, இன்று வந்தது, இன்று போனது. "20 அடி. அப்பாவின் ஆபரேஷன் தேதி. இன்று வரத்து: மருத்துவமனைச் செலவுக் கணக்கு. வெளியேற்றம்: தம்பியிடம் பேசினேன்." இவ்வளவு போதும். இரண்டு நிமிடத்துக்கு மேல் எழுதத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள்; நீளமானால் நாலாவது நாள் விட்டுவிடுவோம்.

நான்காம் படி: 22 அடி விதி

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வேன் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

2015 டிசம்பர் 1-ஐ சென்னை மறக்காது. நவம்பர் முழுக்கப் பெய்து ஏரிகள் ஏற்கெனவே நிறைந்திருந்தன. அதன்மேல் ஒரே நாளில் பெருமழை. செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட வேண்டியதாயிற்று. அடையாற்று வெள்ளத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. மற்ற ஏரிகளின் தண்ணீரும் அதே ஆற்றில்தான் வந்தது. ஆனாலும் ஏரியில் மிச்சமிருந்த இடம் எவ்வளவு என்ற கேள்வியை அந்த இரவு நம் எல்லோர் மனதிலும் பதியவைத்துவிட்டது. 2020 நவம்பர் 25, நிவர் புயல் கரையைக் கடக்கவிருந்த நாள். நீர்மட்டம் 22 அடியைத் தொட்டதும் முதலில் 1,000 கன அடி திறந்தார்கள், பிறகு படிப்படியாகக் கூட்டினார்கள். முழு அளவுக்கு இரண்டு அடி இருக்கும்போதே திறந்தார்கள்.

நம் மேல் வந்து விழும் நெருக்கடியின் அளவை நாம் தீர்மானிப்பதில்லை. அது விழும்போது நம்மிடம் எத்தனை அடி மிச்சம் இருக்கிறது என்பதில் நமக்குக் கொஞ்சம் கை உண்டு. அதே மழை 16 அடியில் பெய்தால் ஒரு சிரமமான வாரம். 23 அடியில் பெய்தால் கரை ஆட்டம் காணும். "சாதாரண விஷயத்துக்கு இப்படி இடிந்துபோய்விட்டாளே" என்று பேசுகிறவர்கள் மழையைப் பார்க்கிறார்கள், மட்டத்தைப் பார்ப்பதில்லை.

ஆகவே, மனம் தெளிவாக இருக்கும் ஒரு நாளில், நோட்டின் பின்பக்கம் "22 அடி வந்தால்" என்று தலைப்பிட்டு எழுதி வையுங்கள்: எந்த இரண்டு வேலைகளைத் தள்ளிவைப்பேன், எந்த மதகைத் திறப்பேன், யாரிடம் சொல்வேன். மட்டம் ஏறிய பிறகு யோசிக்கலாம் என்று விட்டுவிடாதீர்கள். 22 அடியில் யோசிக்கும் சக்தியே முதலில் போகிறது. எழுதியதை அப்படியே செய்தால் போதும் என்ற நிலையில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் திறப்பு சிறியதாக இருக்கட்டும். வேலையை விட்டுவிடுவது, உறவை முறிப்பது போன்ற முடிவுகளை இந்த மட்டத்தில் எடுக்க வேண்டாம். இரண்டு அடி இறங்கட்டும்.

ஐந்தாம் படி: கரையோர ஊர்களுக்கு அறிவிப்பு

உபரிநீர் திறக்கும் முன் குன்றத்தூர், திருமுடிவாக்கம், திருநீர்மலை என்று கரையோர ஊர்களின் பெயரைச் சொல்லி எச்சரிக்கை விடுகிறார்கள் அல்லவா? உங்கள் படத்திலும் ஏரிக்குக் கீழே ஊர்களை வரையுங்கள். கணவர் அல்லது மனைவி, பிள்ளைகள், அம்மா, பக்கத்து மேசைக்காரர். நீங்கள் வழிந்தால் முதலில் நனைகிறவர்கள் இவர்கள். "இந்த வாரம் எனக்கு 22 அடி. சுருக்கென்று பேசினால் உங்கள் மேல் கோபம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வியாழக்கிழமை வரை சமையலை நீங்கள் பார்த்துக்கொள்ள முடியுமா?" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கும் இது புரியும். "இன்றைக்கு எத்தனை அடி?" என்று அவர்களே கேட்கத் தொடங்குவார்கள், திருப்பி அவர்களையும் கேளுங்கள்.

ஆறாம் படி: தூர் வாருதல்

ஒரே ஏரி, அதே 24 அடி. ஆனால் அடியில் வண்டல் சேரச் சேரக் கொள்ளளவு குறைகிறது. சேர்ந்துபோன தூக்கக்கடன், பார்க்காமல் விட்ட சர்க்கரை அல்லது தைராய்டு, ரத்தசோகை, அழுது தீர்க்காத ஒரு சாவு, மன்னிக்க முடியாத ஒரு சொல். தூர் வாருவது கோடை வேலை. மழைக்காலத்தில் யாரும் ஏரிக்குள் இறங்குவதில்லை. மட்டம் தாழ்ந்திருக்கும் மாதங்களில் ஒரு வண்டலை மட்டும் தேர்ந்தெடுங்கள். ரத்தப் பரிசோதனையிலிருந்து தொடங்குவது எளிது.

இந்தப் படம் எங்கே பொருந்தாது

ஏரிக்குத் தண்ணீர் செல்வம். நமக்கு அழுத்தம் செல்வமா? ஓரளவுக்கு ஆம் என்றுதான் நினைக்கிறேன். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறத்தாழ வறண்டு, நகரம் குடங்களோடு தெருவில் நின்றது. வேலை, உறவு, பொறுப்பு எதுவும் வராமல் வறண்டுகிடக்கும் வாழ்க்கையும் ஒரு துன்பமே. ஓய்வுபெற்ற பலர் அதை அறிவார்கள். உங்கள் மட்டம் வாரக்கணக்கில் தரையைத் தொட்டுக்கொண்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அதையும் எழுதுங்கள். அது ஓய்வு ஆகாது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு மணி நேர வேலை, வீட்டில் அடி உதை, சம்பள பாக்கி போன்றவை உங்கள் ஏரியின் குறைகள் ஆகா. மேலிருந்து அநியாயமாகத் திறந்துவிடப்படும் தண்ணீருக்கு, "நீ மதகை ஒழுங்காகத் திறக்கவில்லை" என்று உங்களைக் குற்றம் சொல்ல யாரும் இந்தப் படத்தைப் பயன்படுத்த விடாதீர்கள். நீங்களும் அப்படிச் சொல்லிக்கொள்ளாதீர்கள். அங்கே தேவை சங்கம், சட்டம், துணைக்கு ஆட்கள்.

ஏரி உங்களுக்கு ஒட்டவில்லை என்றால் வேறு படம் எடுத்துக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை: வருவது, இருப்பது, போவது மூன்றும் அதில் தெரிய வேண்டும். குக்கர் படத்தை நான் பரிந்துரைப்பதில்லை. அதில் விசில் தெரிகிறது, உள்ளே எவ்வளவு என்று தெரிவதில்லை.

மட்டம் இறங்காவிட்டால்

எந்த மதகைத் திறந்தும் இரண்டு வாரமாக 22-க்குக் கீழே வரவில்லை, தூக்கமும் பசியும் போய்விட்டன, வேலை செய்ய முடியவில்லை என்றால், நோட்டை மூடிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டிய நேரம். செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது; அன்றைக்கே பேசுங்கள். 14416 என்ற எண்ணில் இலவச மனநல ஆலோசனை தமிழிலேயே கிடைக்கிறது. தமிழ்நாடு அரசின் 104 எண்ணிலும் பேசலாம். தற்கொலைத் தடுப்புக்காக 1986 முதல் சென்னையில் சிநேகா அமைப்பு இயங்குகிறது. கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்திலும் பெரிய அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளிலும் புறநோயாளியாகக் காட்டலாம்.

போகும்போது அந்த நோட்டைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். எத்தனை நாளாக இப்படி, எப்போது கூடியது, தூக்கம் எப்படி, முன்பு எது உதவியது என்று மருத்துவர் கேட்பார். பதற்றத்தில் வாய் குழறினாலும் நான்கு வரி அறிக்கைகள் தேதியோடு அங்கே இருக்கும்; பக்கத்தைத் திருப்பிக் காட்டினால் போதும்.